வராமல் போனவர்கள்: கோல்ம் டோபீனின் புனைவுலகம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு வாசிப்புக் கூட்டத்தில் கோல்ம் டோபீனின் ‘புரூக்ளின்’ நாவலைப் பற்றிப் பேசினேன். புலம்பெயர்தலின் நாவல் என்றேன். இரண்டு ஊர்களுக்கும் இரண்டு ஆண்களுக்கும் நடுவே நின்று தடுமாறும் ஓர் இளம்பெண்ணின் கதை என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு நண்பர் கேட்டார்: “எல்லாம் சரிங்க. அந்த அம்மாவப் பத்தி ஒரு வார்த்தைகூட நீங்க பேசலையே?”

எந்த அம்மா என்று கேட்கப் போனவன் அப்படியே வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து நாவலை மறுபடியும் எடுத்தேன். அதன் பிறகு அவருடைய மற்ற நாவல்களையும் வரிசையாகப் படித்தேன், சிலவற்றை இரண்டாம் முறை. அன்று நான் பேசியது அரைகுறை என்று இப்போது நினைக்கிறேன். அந்தக் கணக்கைச் சரிசெய்யத்தான் இந்தக் கட்டுரை.

1

‘புரூக்ளின்’ 2009இல் வந்தது. கதை நடப்பது 1950களில். அயர்லாந்தின் தென்கிழக்கில் வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்தில் ஸ்லேனி ஆற்றங்கரையில் இருக்கும் எனிஸ்கார்த்தி என்ற சிற்றூர். டோபீன் 1955இல் பிறந்ததும் அங்கேதான். எய்லிஸ் லேசிக்கு அந்த ஊரில் வேலை இல்லை. ஒரு பாதிரியாரின் ஏற்பாட்டில் அமெரிக்கா போகிறாள். துணிக்கடையில் விற்பனை வேலை, இரவில் கணக்குப்பதிவு வகுப்பு, டோனி என்ற இத்தாலியக் குடும்பத்துப் பிளம்பர் பையனோடு காதல். அக்கா ரோஸ் திடீரென்று இறந்துபோக, டோனியை ரகசியமாகத் திருமணம் செய்துகொண்டு ஊருக்குத் திரும்புகிறாள். ஊரில் ஜிம் ஃபாரல் என்ற இன்னொருவன். கல்யாணம் ஆன விஷயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கதைச் சுருக்கம் இவ்வளவுதான். இதை மட்டும் பார்த்தால் யார் வேண்டுமானாலும் காதல் கதை என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் அந்த வீட்டைப் பாருங்கள். அப்பா ஏற்கெனவே இறந்துவிட்டார். அண்ணன்கள் மூவரும் பிழைப்புக்காக இங்கிலாந்து போய்விட்டார்கள். ரோஸ் வேலைக்குப் போய் வீட்டைத் தாங்குகிறாள். எய்லிஸ் கப்பல் ஏறினால் அம்மாவோடு இருக்கப்போவது ரோஸ்தான். தங்கையை அனுப்புவதற்கு முன்கை எடுப்பவளும் அவளே. தன் இதயம் பழுதானது என்பது ரோஸுக்குத் தெரியும். அதை யாரிடமும் சொல்லாமலே தங்கையை அனுப்பிவைக்கிறாள். ஒருநாள் தூக்கத்திலேயே இறந்துபோகிறாள். கடைசியில் அந்த வீட்டில் மிஞ்சுவது அம்மா மட்டும்.

எய்லிஸ் திரும்பி வந்ததும் அம்மா அமெரிக்காவைப் பற்றி ஒன்றுமே கேட்பதில்லை. முதல் வாசிப்பில் இதை அம்மாவின் சுயநலம் என்று எடுத்துக்கொண்டேன். மகள் ஒரு புது உலகத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள், என்ன ஏது என்று ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா என்று எரிச்சலாக இருந்தது. இரண்டாம் முறை படிக்கும்போது அது பயம் என்று புரிந்தது. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் மகளுக்கு அங்கே ஒரு வாழ்க்கை இருக்கிறது என்று ஆகிவிடும். கேட்காதவரை அவள் இந்த வீட்டுப் பெண்.

கடைசியில் எய்லிஸ் உண்மையைச் சொல்கிறாள். அம்மா அழவில்லை, திட்டவில்லை. ஒன்றிரண்டு கேள்விகள், எப்போது கிளம்புகிறாய் என்ற விசாரிப்பு. பிறகு, நான் இப்போதே படுக்கப் போகிறேன், காலையில் எழுந்து வர மாட்டேன், விடைபெறுவதை ஒரே தடவையில் முடித்துக்கொள்ளலாம் என்கிறாள். கதவு சாத்தப்படுகிறது. அவ்வளவுதான் காட்சி. 2015இல் வந்த திரைப்படம் எய்லிஸை டோனியிடம் கொண்டுபோய்ச் சேர்த்து, பார்வையாளர்களை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பியது. நாவல் அவளை ரயிலில் உட்கார்த்திவைத்து நிறுத்திவிடுகிறது. டோனியின் முகத்தை நாம் பார்ப்பதில்லை. சாத்திய கதவுதான் மனதில் நிற்கிறது.

நான் காதல் கதை என்று சொன்ன நாவலில் பிரிவின் முழு எடையும் தாய்க்கும் மகளுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

2

டோபீனுக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது, 1967இல், அவருடைய அப்பா இறந்துபோனார். பள்ளி ஆசிரியர். உள்ளூர் வரலாற்றில் ஈடுபாடு கொண்டவர். அப்பா மருத்துவமனையில் இருந்த மாதங்களில் டோபீனும் அவருடைய தம்பியும் ஓர் உறவினர் வீட்டில் விடப்பட்டார்கள். அந்தக் காலத்தில்தான் தனக்குத் திக்குவாய் வந்தது என்று டோபீன் நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார்.

இந்த அனுபவத்தை அவர் நேரடியாக எழுத நீண்ட காலம் ஆனது. ‘நோரா வெப்ஸ்டர்’ நாவலின் முதல் அத்தியாயத்தை எழுதிவிட்டுப் பல ஆண்டுகள் அப்படியே வைத்திருந்தார். நாவல் 2014இல்தான் வெளிவந்தது. 1960களின் இறுதியில் அதே எனிஸ்கார்த்தி. கணவன் மாரீஸ் இறந்துவிட்டான். நாற்பதுகளில் இருக்கும் நோராவுக்கு நான்கு பிள்ளைகள். இரண்டு பெண்களும் வெளியூரில் படிக்கிறார்கள், இரண்டு பையன்களும் வீட்டில். துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அப்படி வருபவர்களில் ஒருவர் எய்லிஸின் அம்மா மே லேசி. முந்தைய நாவலில் கதவைச் சாத்திக்கொண்ட அதே அம்மாதான், வயதாகி, இன்னொரு வீட்டின் துக்கத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாள். டோபீன் இதைச் சுட்டிக்காட்டுவதே இல்லை.

நாவலில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. நோரா கடற்கரையிலிருக்கும் கோடைக்கால வீட்டை விற்கிறாள். கல்யாணத்துக்கு முன்பு பார்த்த அலுவலக வேலைக்கே திரும்பிப் போகிறாள். முடிக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்து, ஊர் என்ன சொல்லுமோ என்று கூசுகிறாள். சின்ன மகன் கானரைப் பள்ளியில் கீழ்ப் பிரிவுக்கு மாற்றியதும் வாசலில் மறியல் செய்வேன் என்று மிரட்டி ஜெயிக்கிறாள். பாட்டு கற்கிறாள். ஒரு ரெக்கார்டு பிளேயர் வாங்குகிறாள். இந்த நாவலைப் படிக்கக் கொடுத்தபோது என் நண்பர் ஒருவர் நூறு பக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். “என்னங்க இது, ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது. அந்தம்மா ஒரு தடவ உக்காந்து அழுதாக்கூடப் பரவால்ல.”

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நாவலின் தொடக்கப் பகுதியில் ஓர் இடம் இருக்கிறது. மாரீஸ் மருத்துவமனையில் கிடந்த மாதங்களில் நோரா அவனோடே இருந்தாள். பையன்கள் இருவரும் ஜோசி அத்தை வீட்டில். அவன் இறந்த பிறகு ஒருநாள் நோரா ஜோசியைத் தேடிப்போய், பிள்ளைகள் இங்கே எப்படி இருந்தார்கள் என்று கேட்கிறாள். ஜோசி சொல்கிறாள். சின்னவன் படுக்கையை நனைத்தான். பெரியவன் டோனலுக்குப் பேச்சு திக்க ஆரம்பித்தது. நீ ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை.

நோராவிடம் பதில் இருக்கிறது. செத்துக்கொண்டிருக்கும் மனிதனைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவது? நியாயமான பதில்தான். ஆனாலும் பையன்கள் காத்திருந்தார்கள் என்பதை அந்தப் பதில் மாற்றிவிடாது. நாவலின் மற்ற எல்லாப் பக்கங்களும் இந்த ஓர் உரையாடலின் மேல்தான் நிற்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. டோனல் ஒவ்வொரு முறை வாயைத் திறந்து சொல் வராமல் தவிக்கும்போதும், யாரும் சொல்லாமலே, அந்த மாதங்கள் திரும்ப வந்துவிடுகின்றன. 1969இல் மனிதன் நிலவில் இறங்கியதைத் தொலைக்காட்சியில் காட்டும்போது டோனல் அந்தத் திரையைப் படம் எடுக்கிறான். பேச முடியாத பையன் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறான்.

இதில் என்னை அசைத்த விஷயம் வேறு. கைவிடப்பட்ட பையன் வளர்ந்து எழுத்தாளனாகி அந்த நாட்களை எழுத உட்காரும்போது, தன் கண் வழியாக எழுதவில்லை. வராமல் போன தாயின் மனதுக்குள் போய் உட்கார்ந்து எழுதுகிறார். நோரா அறியாத எதுவும் நாவலில் இல்லை. டோனல் என்ன நினைக்கிறான் என்று நமக்கு ஒரு வரிகூடத் தெரியாது. தன் தரப்பைச் சொல்ல முழு உரிமை உள்ளவர் அந்த உரிமையை எடுத்துக்கொள்ளவே இல்லை. இதை மன்னிப்பு என்று சொல்ல முடியாது. நோராவை டோபீன் எங்கேயும் விடுவிப்பதில்லை. அவளுடைய முன்கோபம், இறுமாப்பு, பிள்ளைகளின் முகத்தைக் கவனிக்கத் தவறும் அசட்டை எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் அவள் ஏன் வரவில்லை என்பதை அவளுக்கு உள்ளே இருந்து பார்ப்பதற்காக ஒருவர் இத்தனை ஆண்டுகள் செலவழித்திருக்கிறார்.

3

இந்த முடிச்சு கையில் கிடைத்ததும் மற்ற நாவல்களும் திறந்துகொண்டன.

1999இல் வந்த ‘தி பிளாக்வாட்டர் லைட்ஷிப்’. டெக்லான் எய்ட்ஸ் நோயால் சாகக் கிடக்கிறான். அக்கா ஹெலன், அம்மா லிலி, பாட்டி டோரா மூன்று பேரும் கடலோரத்தில் பாட்டியின் வீட்டில் கூடுகிறார்கள். கூடவே டெக்லானின் இரண்டு நண்பர்கள். கதை நடப்பது 1993இல். அயர்லாந்தில் ஒருபாலுறவு குற்றமல்ல என்று சட்டம் மாறிய ஆண்டு அது. ஆனால் நாவலின் தீராத வழக்கு வேறு. ஹெலன் சிறுமியாக இருந்தபோது அப்பா டப்ளின் மருத்துவமனையில் இருந்தார். அவளையும் தம்பியையும் இதே பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போன அம்மா மாதக்கணக்கில் வரவில்லை. திரும்பி வந்தபோது அப்பா இல்லை. வளர்ந்து, கல்யாணமாகி, தனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகும் ஹெலனால் அதைத் தாண்ட முடியவில்லை.

அந்தக் கடற்கரையில் முன்பு இரண்டு வெளிச்சங்கள் இருந்தன. ஒன்று டஸ்கர் கலங்கரை விளக்கம், இன்னொன்று பிளாக்வாட்டர் விளக்குக் கப்பல். சின்ன வயதில் ஒன்றை ஆணாகவும் மற்றதைப் பெண்ணாகவும் நினைத்துக்கொண்டதை லிலி சொல்கிறாள். ஒன்றுக்கொன்று சைகை காட்டிக்கொள்கின்றன என்று அவளுக்கு நினைப்பு. விளக்குக் கப்பலை எப்போதோ அகற்றிவிட்டார்கள். டஸ்கர் மட்டும் இன்னும் சுற்றுகிறது. புருஷனை இழந்தவள் இதைச் சொல்கிறாள், நோயாளி மகன் கேட்டுக்கொண்டிருக்கிறான். டோபீன் இதற்கு உரை எழுதுவதில்லை. நானும் எழுதவில்லை.

1992இல் வந்த ‘தி ஹெதர் பிளேசிங்’ நாவலின் ஈமன் ரெட்மண்ட் உயர்நீதிமன்ற நீதிபதி. தீர்ப்புகளை நிதானமாக எழுதுகிறவர். மனைவி கார்மல், நீங்கள் என்னிடம் எதையும் சொல்வதில்லை, எப்போதும் தூரத்திலேயே இருக்கிறீர்கள் என்று சொல்லும்போது அவரிடம் பதில் இல்லை. குழந்தையிலேயே தாயை இழந்து, ஆசிரியரான தந்தை வாதத்தில் விழுந்ததைப் பார்த்து வளர்ந்தவர் அவர். அருகில் இருப்பது எப்படி என்று யாரும் அவருக்குக் கற்றுத்தரவில்லை. அவர்களுடைய கோடை வீடு இருக்கும் குஷ் கடற்கரையில் செம்மண் சரிவு வருஷா வருஷம் கரைந்து கடலில் விழுகிறது. கார்மல் இறந்த பிறகு, தன்னைக் கண்டு மிரளும் பேரனை அவர் தண்ணீருக்குள் தூக்கிக்கொண்டு போகும் இடத்தில் நாவல் முடிகிறது. முன்பு யாரிடமும் காட்டாத நெருக்கம் அங்கே கொஞ்சம் கசிகிறது.

2004இல் வந்த ‘தி மாஸ்டர்’ ஹென்றி ஜேம்ஸைப் பற்றியது. அதில் அயர்லாந்துக் குடும்பமே மையம் இல்லை. ஆனாலும் அதே புண். உறவுப்பெண் மின்னி டெம்பிள் காசநோயால் மெலிந்துகொண்டிருக்கிறாள். ஐரோப்பாவுக்கு வர ஆசைப்படுகிறாள். ஜேம்ஸ் கூப்பிடவில்லை. பிறகு எழுத்தாளர் கான்ஸ்டன்ஸ் ஃபெனிமோர் வுல்சன். வெனிஸில் அவரோடு குளிர்காலத்தைக் கழிக்க ஜேம்ஸ் வருவார் என்ற எதிர்பார்ப்பு அவளுக்கு இருந்தது. அவர் வரவில்லை. 1894இல் அவள் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தாள். அவளுடைய உடைகளை வெனிஸின் காயலில் மூழ்கடிக்க ஜேம்ஸ் முயல, அவை காற்று அடைத்து மேலே மிதந்து வரும் காட்சியைப் படித்த யாரும் மறக்க மாட்டார்கள்.

2012இல் வந்த ‘தி டெஸ்டமென்ட் ஆஃப் மேரி’ இதை உச்சத்துக்கே கொண்டுபோகிறது. சிலுவையடியில் கடைசிவரை நின்ற தாய் என்றுதான் கிறித்தவ மரபு மரியாளை வணங்குகிறது. டோபீனின் மரியாள் நிற்கவில்லை. உயிருக்குப் பயந்து, மகன் சாவதற்கு முன்பே அங்கிருந்து போய்விட்டவள். எபேசுவில் முதுமையில் இருக்கும் அவளிடம் சீடர்கள் வந்து, நீ அங்கேதான் இருந்தாய் என்று எழுதப் பார்க்கிறார்கள். அவள் சம்மதிப்பதில்லை. நான் அங்கே இல்லை என்று சொல்வது மட்டும்தான் அவளிடம் மிச்சமிருக்கும் நேர்மை.

மரணம் டோபீனுக்கு இரண்டாம்பட்சம்தான். இருக்க வேண்டிய நேரத்தில் அங்கே இல்லாமல் போனவர்கள்தான் அவருடைய கதைமாந்தர்கள். இவர்கள் கெட்டவர்கள் கிடையாது. அன்பில்லாதவர்களும் கிடையாது. நோரா போனது புருஷனிடம், எய்லிஸ் போனது பிழைப்புக்கு, லிலி இருந்தது சாவுப்படுக்கை அருகில். ஒருவர் பக்கத்தில் இருப்பதற்காக இன்னொருவரை விட்டுவிட்டு வந்தவர்கள்.

4

டோபீனின் மொழியைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1980களில் பத்திரிகையாளராக இருந்தவர், ‘மகில்’ இதழின் ஆசிரியராகப் பணியாற்றியவர். உவமைகள் மிகக் குறைவு. இவள் எழுந்தாள், டீ போட்டாள், ஜன்னல் வழியே பார்த்தாள் என்பது போன்ற வாக்கியங்கள்தான். உணர்ச்சியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பாத்திரம் எதைச் சொல்லாமல் விட்டது என்பதை வாசகன் கண்டுபிடித்துக்கொள்ள வேண்டும்.

அயர்லாந்து நாவலில் இது ஒரு வழி மட்டுமே. ஜான் மக்கஹெர்னின் ‘அமங்ஸ்ட் விமென்’ (1990) நாவலில் மோரன் என்ற தகப்பனின் மௌனம் ஆயுதம் மாதிரி. அவன் முகம் கறுத்தால் வீடே மூச்சை அடக்கிக்கொள்ளும். ஆன் என்ரைட்டின் ‘தி கேதரிங்’ (2007) நாவலில் அண்ணன் லியாமின் சாவை ஒட்டி வெரோனிகா கொட்டித் தீர்க்கிறாள். உடல், கோபம், அருவருப்பு எல்லாம் அதில் உண்டு. பன்னிரண்டு பிள்ளை பெற்ற வீட்டில் யாரும் சொல்லாததை அவள் சத்தமாகச் சொல்கிறாள். டோபீன் இருவருக்கும் நடுவே இருக்கிறார். அவருடைய மௌனத்தில் மிரட்டல் இல்லை, உடைத்துக்கொண்டு வரும் ஆவேசமும் இல்லை.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. எல்லோருமே பேசாதவர்கள் என்றால், ஒரு கட்டத்தில் அது பாத்திரங்களின் இயல்பா, ஆசிரியரின் பழக்கமா என்ற சந்தேகம் வருகிறது. தாமஸ் மன்னைப் பற்றிய ‘தி மேஜிஷியன்’ (2021) எனக்கு அப்படித்தான் இருந்தது. இரண்டு மகன்கள் தற்கொலை செய்துகொண்ட குடும்பம் அது. ஆனால் போர், நாடுகடத்தல், நோபல் பரிசு, சாவு எல்லாம் ஒரே சீரான குரலில் கடந்துபோகின்றன. அடக்கம் அங்கே வெறும் விலகலாக ஆகிவிடுகிறது. ‘புரூக்ளின்’ கதையை இருபது வருடம் கழித்துத் தொடரும் ‘லாங் ஐலண்ட்’ (2024) அதைவிட விறுவிறுப்பானது. டோனியால் இன்னொருவன் மனைவி கர்ப்பமாகிவிட்டாள், குழந்தை பிறந்ததும் உன் வாசலில் கொண்டுவந்து போட்டுவிடுவேன் என்று முன்பின் தெரியாத ஆள் எய்லிஸிடம் வந்து சொல்வதில் தொடங்குகிறது. அம்மாவின் எண்பதாவது பிறந்தநாளைச் சாக்காக வைத்து எய்லிஸ் ஊருக்கு வருகிறாள். ஜிம் ஃபாரல் வேறொருத்தியுடன் ரகசிய உறவில் இருக்கிறான். ஒருவர் ஒரு வார்த்தை வாய்திறந்து சொல்லியிருந்தால் பாதி நாவல் தேவைப்பட்டிருக்காது. முன்பு இயல்பாக இருந்த மௌனம் இங்கே கதையை ஓட்டும் உத்தியாகச் சுருங்கிவிட்டது என்பது என் எண்ணம். இருந்தாலும் அம்மாவும் மகளும் ஒரே வீட்டில் ஒருவரையொருவர் சுற்றி நடக்கும் பக்கங்களில் பழைய டோபீன் இருக்கிறார்.

5

இந்தக் கட்டுரையை நோராவின் மகன் பக்கத்திலிருந்து எழுதுவதுதான் எனக்கு வசதி. அது உண்மையாக இருக்காது.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு என் அம்மா இரண்டு மாதம் மருத்துவமனையில் இருந்தார். நானும் மனைவியும் மாறி மாறிக் கூடவே இருந்தோம். பத்து வயது மகனை வெளியூரில் என் அக்கா வீட்டில் விட்டோம். சின்னப் பையன், இதெல்லாம் எதுக்கு அவன் பாக்கணும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஃபோனில் பேசினேன். நாலு மணி நேரப் பயணம்தான். ஒருமுறைகூடப் போகவில்லை. அம்மா இறந்த பிறகுதான் அவனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவன் ஒன்றும் கேட்கவில்லை, நல்ல பிள்ளையாக இருந்தான். நல்ல பிள்ளையாக இருக்கிறான் என்று நாங்களும் சந்தோஷப்பட்டோம். நான்கு வருடங்களுக்கு முன்பு, சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு பேச்சின் நடுவே கேட்டான்: “அந்த ரெண்டு மாசம் நீங்க ஏன்ப்பா வரவே இல்ல?” பாட்டியைத் தனியாக விட முடியவில்லை என்றேன். “ம்” என்றான்.

ஜோசி அத்தையின் வீட்டில் நோரா உட்கார்ந்திருக்கும் பக்கத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அவளிடம் இருந்த அதே பதில்தான் என்னிடமும் இருந்தது. அதே அளவுக்கு நியாயமானது, அதே அளவுக்குப் போதாதது.

நாவலின் பிற்பகுதியில் டோனல் விடுதிப் பள்ளிக்குப் போகிறான். அங்கே அவன் ஒடுங்கிக் கிடக்கிறான் என்று தெரிந்ததும் நோரா அவனைப் பார்க்கப் போகிறாள். பெரிய பேச்சு எதுவும் நடப்பதில்லை. மன்னிப்பு கேட்பதில்லை, பழைய மாதங்களைப் பற்றி இருவருமே வாய் திறப்பதில்லை. இந்த முறை அவள் வந்திருக்கிறாள், அவ்வளவுதான். முதல் வாசிப்பில் இந்த இடத்தைக் கவனிக்காமலே தாண்டிப் போயிருந்தேன். கடைசி அத்தியாயத்தில் அவள் மாரீஸின் பழைய கடிதங்களை எரிக்கிறாள். விமர்சகர்கள் அதைத்தான் நாவலின் உச்சமாகச் சொல்வார்கள், சொல்லட்டும். எனக்கு அந்தப் பள்ளிப் பயணம்தான் உச்சம்.

போன மாதம் பெங்களூரில் மகனைப் பார்க்கப் போனபோது இந்த நாவலைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஏன் என்று சொல்லவில்லை. நேற்று ஃபோனில் கேட்டேன்.

“படிச்சிட்டுத்தான் இருக்கேன்ப்பா. ரொம்ப மெதுவாப் போகுது.”

எதுவரைக்கும் வந்திருக்கே என்றேன்.

“அந்த அத்தை வீட்டுக்குப் போறாங்கல்ல, அதுவரைக்கும்” என்றான்.

அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.